தனூன் குடிக்காத காபி

மோசூல்காரர்கள் கஞ்சர்கள் என்று ஈராக் முழுக்கப் பேச்சு. கனவில் விருந்தாளி வந்தால்கூட மோசூல்காரன் திடுக்கிட்டு விழித்துக்கொள்வான் என்பார்கள் பாக்தாத்காரர்கள். தனூன் சாலிஹை அமைச்சகத்தில், வெளிநாடுகள் கொடுத்த வாக்குறுதிகளைப் பின்தொடரும் பிரிவில் போட்டபோது அவருடைய மேலதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அடுத்தவன்கிட்டப் போய் வாங்கிட்டு வர்ற வேலைக்கு மோசூல்காரனா? அரசாங்கத்துக்கும் மூளை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"கை எப்படி இறுகும்னு தெரிஞ்சவனுக்குத்தானே உஸ்தாத், அத எப்படிப் பிரிக்கிறதுன்னும் தெரியும்" என்றார் தனூன்.

வேலை இதுதான். போர் முடிந்தது. நகரத்தின் பாதி திஜ்லா என்கிற டைக்ரிஸ் ஆற்றங்கரையில் இடிந்து கிடந்தது. நாடுகள் எல்லாம் குவைத்தில் கூடின. ஒவ்வொருவராக எழுந்து ஒரு தொகையைச் சொன்னார்கள். கைதட்டினார்கள். வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் ஒவ்வொரு தூதரகமாகப் படியேறி, அன்றைக்கு ஒன்று சொன்னீர்களே என்று நினைவுபடுத்த வேண்டும். அந்த ஒருவர் தனூன். ஒல்லியான ஆள். ஒரே பழுப்பு கோட்டு. வாரம் முழுக்க பாக்தாத், வியாழக்கிழமை வாடகைக் காரில் மோசூல்.

அவர் அதிகம் ஏறிய படி வடக்கே உள்ள ஒரு குளிர்நாட்டின் தூதரகப் படி. பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், மெதுவானவர்கள். மோசூலின் வலது கரைக்குத் தண்ணீர் தரும் நிலையத்தை முழுதாகச் சீரமைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் தவணை வந்தது. அதில் ஆறு பம்புகளில் இரண்டு ஓடின. மீதி நான்கும், ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் வாயும் அப்படியே நின்றன. பிறகு நிதி வரவில்லை.

அந்த நிலையத்தின் பொறியாளர் தனூனின் மூத்த மகள் ஷதா. ஆகவே அப்பா பாக்தாதில் கேட்டுக் கிடைக்காதது மகளின் நிலையத்தில் ஓடாது. மகளின் நிலையத்தில் ஓடாதது வீட்டுக் குழாயில் வராது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அம்மா ஸபீஹா முற்றத்தில் பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக் என்று கிடைத்த தொட்டியை எல்லாம் வரிசையாக நிரப்பி வைத்திருப்பாள். ராத்திரி யாராவது தடுக்கி விழுவார்கள். திட்டு இருவருக்கும் விழும்.

"அப்பன் அதிகாரி, மக இன்ஜினியர். நான் மட்டும் குண்டாவத் தூக்கிட்டு அலையறேன்."

முதல் தடவை அந்தத் தூதரகத்துக்குப் போனபோது தனூன் ஒரு தப்புச் செய்தார். அடுக்கடுக்காகச் சோதனைச் சாவடிகள், ஆகஸ்ட் வெயில். உள்ளே குளுகுளு அறை. ஒரு அம்மாள் பெரிய கைப்பிடிக் குவளையில் பால் ஊற்றிய காபியைக் கொண்டுவந்து வைத்தார். தனூனுக்கு நாக்கு வறண்டிருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் குறித்துக்கொண்டார், சிரித்தார், வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அந்த வியாழக்கிழமை சாப்பாட்டில் இதை ஒரு கதையாகச் சொன்னார். ஸபீஹாவின் அண்ணன் மிஸ்ஹிர் வந்திருந்தார். கய்யாரா பக்கத்துக் கிராமத்துப் பெரிய மனிதர். குலங்களுக்குள் வெட்டு குத்து என்றால் சமாதானம் பேச முதலில் தேடப்படுகிறவர். கையிலிருந்த, கறி அடைத்த குப்பாத் துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"கேக்குறதுக்கு முன்னாடியே குடிச்சிட்டியா?"

"தாகம் மச்சான்."

"தாகத்துக்குத் தண்ணி கேளு. பொண்ணு கேக்கப் போனாலும் சரி, கொலைக்குச் சமாதானம் பேசப் போனாலும் சரி, காபியக் கீழ வச்சிட்டுத்தான் நாங்க பேச்சையே எடுப்போம். 'குடி, உன் காரியம் ஆச்சு'ன்னு வீட்டுக்காரன் வாயால சொல்ற வரைக்கும் உதட்டுல படக் கூடாது. நீ குடிச்சிட்டே. அவங்க கணக்குல உன் காரியம் முடிஞ்சுபோச்சு."

"அவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

"உனக்குத் தெரியுமில்ல?"



"அது பால் காபி மாமா" என்றாள் ஷதா, அப்பாவுக்கு உதவியாக.

மிஸ்ஹிர் யோசித்தார். "பாலா? அப்பப் பாதிக் குத்தம்."

அதற்குப் பிறகு தனூன் அந்தத் தூதரகத்தில் எதையும் தொடவில்லை. குவளை வரும். தன் முன்னால் மேசையில் நகர்த்தி வைத்துக்கொள்வார். பணம் என்ற சொல்லை எடுக்க மாட்டார். வீட்டில் படுத்திருக்கும் ஒருவரை விசாரிப்பதுபோல விசாரிப்பார்.

"அந்த வாக்கு எப்படி இருக்கு? நல்லா இருக்கா?"

"பரிசீலனையில் இருக்கிறது, தனூன் அவர்களே."

"ஆண்டவன் சீக்கிரம் எழுப்பி உக்கார வைக்கட்டும்."

காபியில் ஆடை படியும். எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வருவார்.

தூதரக ஆட்கள் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறினார்கள். கொஞ்சம் புரிந்தவர் பெட்டி கட்டிக் கிளம்பிவிடுவார். புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து. அவர்களுக்கு இவர் ஒரு புதிர். காபி பிடிக்கவில்லை போலும் என்று தேநீர் வைத்தார்கள். பிறகு பழச்சாறு. பிறகு வெறும் தண்ணீர். எதுவும் நடக்கவில்லை. வயிற்றுப்புண் என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். இளகிய மனசுள்ள ஒரு செயலாளர், வயிற்றுக்கு நல்லது என்று ஓட்ஸ் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை வாசலில் அவர் கையில் திணித்தார். அது மோசூல்வரை வந்தது. பிரிப்பதா கூடாதா என்று வீட்டில் விவாதம். மிஸ்ஹிருக்கு போன் போட்டார்கள்.

"வாசல்ல குடுத்தது விருந்துல சேராது. சாப்பிடலாம்" என்று தீர்ப்பு வந்தது.

ஷதாவுக்கு இதெல்லாம் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருந்தது. நிலையத்தில் அவள் ஓடுகிற இரண்டு பம்புகளின் தாங்கு உருளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை சூடேறின. ஓய்வே இல்லாமல் ஓடினால் ஏறத்தான் செய்யும். ஒன்று நின்றால் வலது கரைக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். இரண்டும் நின்றால் லாரித் தண்ணீர்.

"கோப்பை ஒண்ணும் வால்வு இல்ல பாபா" என்றாள் ஒருநாள். "நீங்க அத மூடி வைக்கிறதால அந்தப் பக்கம் எந்த அழுத்தமும் ஏறாது."

தனூன் சட்டென்று கோபப்படுகிறவர் அல்ல. வெள்ளரிக்காயைச் சீவிக்கொண்டே சொன்னார்.

"தெரியும் கண்ணு. அது அவங்களுக்கு இல்ல, எனக்கு. போனோம், குடிச்சோம், நல்லாப் பேசினோம், வந்தோம்னு ஆகிப்போச்சுன்னா அப்புறம் நான் எதுக்குப் போறேன்னே எனக்கு மறந்துபோயிடும்."

அந்த இலையுதிர் காலத்தில் ஹென்ரிக் வந்தார். தூதரகத்தின் புதிய ஆள். டமாஸ்கஸில் அரபி படித்தவர்.

"வாயத் தொறந்தா ரமலான் மாசம் டிவில போடுற சிரியாத் தொடர் நாடகத்துல வர்ற மாப்பிள்ளையேதான்" என்று தனூன் வீட்டில் நடித்துக் காட்டினார். ஸபீஹா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆனா காது இருக்குடி அவனுக்கு. நான் சொல்றதக் கேக்குறான்."

நவம்பர் கடைசியில், ஒரு புதன்கிழமை, ஷதாவுக்கு பாக்தாதிலிருந்து போன் வந்தது. அப்பாவின் குரலில் பல வருடமாகக் கேட்காத ஒன்று.

"அவங்க இன்ஜினியருங்க வர்றாங்க. ஞாயித்துக்கிழமை நம்ம நிலையத்துக்கு. பார்த்துட்டு அவங்க சரின்னா மீதி மொத்தமும் வருது. இந்த வருஷத்துக்குள்ள ஒப்பந்தம் ஆகணும். ஆகலேன்னா அந்த நிதி அவங்க கருவூலத்துக்கே திரும்பிப் போயிடும், அடுத்த தடவை குடுக்க மாட்டாங்க. கேக்குறியா?"

"கேக்குறேன் பாபா."

"எல்லாத்தையும் தொறந்து காட்டு. பெயிண்ட் அடிச்சு மறைக்காத."

"நான் எப்ப மறைச்சேன்?"

"நீ மாட்ட. உங்க இயக்குநர் பண்ணுவார். அதான் சொல்றேன். நானும் கூட இருப்பேன்."

மறுநாள் பகலில் தனூன் வழக்கமான வாடகைக் காரில் கிளம்பினார். வழியில் பைஜியைத் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் ஷர்காத் மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பினார். அதுவரை உயிர் தங்கவில்லை. மடியில் கோட்டு மடித்து வைத்தபடியே இருந்தது என்று பிறகு ஓட்டுநர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். வீட்டுச் சந்தில் கூடாரம் போட்டு ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் வீட்டுக்குள். ஷதா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். தலைக்குள் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்க மாட்டேன் என்றது.

சனிக்கிழமை மாலை, துக்கத்தின் இரண்டாம் நாள். பால், சர்க்கரை எதுவுமற்ற கசப்புக் காபியைக் கூடாரத்தில் ஊற்றிக்கொண்டிருந்த அபூ கஸ்வான் சமையலறை வாசலுக்கு ஓடிவந்தார். முப்பது வருடமாகத் துக்க வீடுகளில் காபி ஊற்றுகிறவர். முகம் வெளுத்திருந்தது.

"ஷதா, மகளே, வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்திருக்கார். ஃபாத்திஹா ஓதுற வரைக்கும் ஒழுங்கா உக்காந்திருந்தார். காபி குடுத்தேன். வாங்கி, கீழ வச்சிட்டார்."

"பழக்கமில்லாம இருக்கும்."

"இல்லம்மா. வச்ச விதம் தெரியும் எனக்கு. நேரா முன்னாடி வச்சு, கைய எடுத்து முழங்கால்ல வச்சுக்கிட்டார். உங்க மாமா கல்லு மாதிரி உக்காந்திருக்கார்."

துக்க வீட்டில் கோப்பையைக் கீழே வைப்பதா? இறந்தவர்மேல் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஷதா எழுந்து முற்றத்தைத் தாண்டிப்போய் கூடாரத் துணிக்குப் பின்னால் நின்றாள்.

துணியின் இடுக்கில் ஹென்ரிக் தெரிந்தார். உயரம், கறுப்புக் கோட்டு. அவர் முன்னால் தரை விரிப்பில் சின்னக் கோப்பை. சந்து முழுக்க ஒரு இருமல் இல்லை.

மிஸ்ஹிர் தொண்டையைச் செருமினார். "எங்க தனூன் உங்களுக்கு ஏதாவது குடுக்க வேண்டியிருக்கா?"

"இல்லை" என்றார் ஹென்ரிக், அந்த நாடகத்து அரபியில். "நாங்கதான் அவருக்குக் குடுக்கணும்."

"அப்ப இது என்ன?" மிஸ்ஹிர் கோப்பையைக் காட்டினார்.

"இந்த வீட்டில் எனக்கு ஒரு காரியம் ஆகணும், ஷேக். எங்க பொறியாளர்கள் மோசூலுக்கு வந்துட்டாங்க. நாளைக்கு நிலையத்தைப் பார்க்கணும். உங்க தண்ணீர்த் துறை இயக்குநர் ரொம்ப மரியாதையான மனுஷர். துக்க வீட்டை மதிக்கணும்னு சொல்லி, ஏழு நாள் தள்ளி வச்சுட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். வீட்டார் வாயால சொன்னா ஒழிய திறக்க மாட்டேன்னுட்டார். திங்கட்கிழமை பொறியாளர்கள் விமானம் ஏறிடுவாங்க. இந்த வருஷம் திரும்ப வர மாட்டாங்க."

ஹென்ரிக் மிஸ்ஹிர் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில மட்டும், தனூனுடைய மகளை எங்களுக்குக் கடனாக் குடுங்க."

கூடாரத்தின் மூலையிலிருந்து ஒரு முணுமுணுப்பு. "மூணாம் நாள்கூட முடியலயே. பொண்ணு வாசல் தாண்டுறதா?"

மிஸ்ஹிர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் வீட்டில் கோப்பையைக் கீழே வைத்தவர். இன்றைக்கு அவர் முன்னாலேயே ஒன்று உட்கார்ந்திருந்தது. மறுத்தால் வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பிய வீடு என்று பெயர். சரியென்றால் துக்கத்தைப் பாதியில் எழுப்பிய வீடு என்று பெயர். நெற்றியைத் துடைத்தார். துடைத்த இடம் மறுபடி வியர்த்தது.

ஷதாவிடம் யாரும் கேட்கவில்லை. அப்படியொரு இடத்தில் பெண்கள் வாய் திறப்பதும் இல்லை. அவள் துணிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னாள். சத்தமாக இல்லை; எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, அவர் காபி ஆறுது."

மிஸ்ஹிர் நிமிர்ந்தார். இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"குடிங்க உஸ்தாத். உங்க காரியம் ஆச்சு."

ஹென்ரிக் கோப்பையை எடுத்துக் குடித்தார். கசப்பில் முகம் சுருங்கியது, ஆனால் மிச்சம் வைக்கவில்லை. போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை ஆட்டி அபூ கஸ்வானிடம் கொடுத்தார். சரியாக ஆட்டினார்.

"எங்க கத்துக்கிட்டீங்க இத?" என்றார் மிஸ்ஹிர்.

"தனூன்கிட்ட. அவருக்கு வயித்துப்புண்ணுன்னு எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லிட்டுப் போனார். எனக்குச் சந்தேகம். எங்க ஈராக்கிச் சமையல்காரர்கிட்டக் கேட்டேன். அவர் சிரிச்ச சிரிப்புல தட்டு ஒண்ணு உடைஞ்சுது."

கூடாரத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. கையால் பொத்திக்கொண்டார்கள். பொத்தியும் பரவியது. மிஸ்ஹிரின் தோள்களே குலுங்கின.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட நான் சொல்லல" என்றார் ஹென்ரிக். "கையெழுத்து ஆகற அன்னைக்கு, காபி வச்சு, 'குடிங்க, உங்க காரியம் ஆச்சு'ன்னு சொல்லலாம்னு இருந்தேன். உச்சரிப்பு சரியா வரணும்னு சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டிருந்தேன்."

சிரிப்பு நின்றது. ஷதா சமையலறைக்குப் போனாள். முகம் கழுவக் குழாயைத் திறந்தாள். அன்றைக்குத் தண்ணீர் வராத நாள். அம்மாவின் தொட்டியில் கையை விட்டு, அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். இரண்டு நாளில் அப்போதுதான் அழுகை வந்தது.

ஸபீஹா பின்னால் வந்து நின்றாள்.

"காலையில எத்தன மணிக்குப் போகணும்?"

"ஏழு."

"பழைய பூட்ஸ் போட்டுக்காத. அவர் பார்த்தா திட்டுவார்."

ஞாயிறு காலை கறுப்பு உடையிலேயே ஷதா அவர்களைச் சுற்றிக் காட்டினாள். மூன்று பேர் வந்திருந்தார்கள். எல்லா மூடியையும் திறந்தாள். சூடேறும் தாங்கு உருளையில் அவர்களைக் கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஆற்று வாயில் மண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கம்பியை இறக்கிக் காட்டினாள். இயக்குநர் ஒரு சுவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார். அதையும் சொன்னாள். அவர்களில் வயதானவர் கிளம்பும்போது கேட்டார்.

"தனூன் அவர்கள் வரவில்லையா? சந்திக்கலாம் என்று சொல்லியிருந்தார்களே."

துக்க வீடு யாருடையது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"இன்னைக்கு அவரால வர முடியல" என்றாள் ஷதா.

வருடத்தின் கடைசி வாரத்தில் ஹென்ரிக் போன் செய்தார். ஒப்பந்தம் முடிந்தது, மீதி முழுத் தொகையும் அனுப்பியாயிற்று, இனி யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஷதா நிலையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள். 

"சரி" என்றாள் ஸபீஹா. "இனிமே அவர் நிம்மதியாத் தூங்குவார். நீயும் தூங்கு."

அன்றிரவு ஷதா தூங்கினாள். அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பம்பு எப்போது நின்றது என்று காலையில் அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த கோடையில் பம்புகள் வந்து இறங்கின. மாட்டி, சோதித்து, ஆறையும் ஓடவிட்ட முதல் வாரம் ஸபீஹா நம்பவில்லை. வழக்கம்போல எல்லாவற்றையும் நிரப்பினாள். ஒருநாள் மாலை ஷதா வேலை முடிந்து சந்தில் திரும்பும்போது பக்கத்து வீட்டு உம் லுஅய் மாடியிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

"ஸபீஹா! உன் மொட்டமாடித் தொட்டி வழிஞ்சு என் சுவரெல்லாம் ஊறுதுடி! தண்ணிய வீணாக்குறதுக்கு ஒரு அளவில்ல?"

ஸபீஹா முற்றத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் காலடியில் தொட்டிகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

நிலையத்தின் பணி நிறைவைத் தெரிவிக்க ஷதா பாக்தாதுக்குப் போனாள். அதே தூதரகம். ஹென்ரிக் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக ஒரு இளம்பெண் வரவேற்றாள். பெரிய குவளையில் பால் காபி வந்தது. வைத்த பெண்ணுக்கே தயக்கம்.

"மன்னிக்கணும், உங்க குடும்பத்துல வயித்துக்கு ஏதோ ஒத்துக்காதுன்னு இங்க சொன்னாங்க. தண்ணீர் தரட்டுமா?"

"எங்க அப்பா வயிறு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ஷதா.

குவளையை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். படுமோசம். கொதிநீரில் பாலும், எங்கோ தூரத்தில் காபியும். இதை இத்தனை வருடம் குடிக்காமல் இருப்பது அவருக்கு அப்படியொன்றும் பெரிய கஷ்டமாக இருந்திருக்காது என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. அடிவரை குடித்து முடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்?"

ஷதா கைப்பிடியைப் பிடித்து, அந்தப் பெரிய குவளையை இரண்டு முறை மெல்ல ஆட்டிவிட்டு மேசையில் வைத்தாள்.